கால்குலேட்டர் 2.617993878 என்கிறது, அது 5π/6 என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் இரண்டு எண்களைக் கொடுத்திருக்கிறார். −√3/2-க்கு நேர்மாறு கொசைன் போட்டால் அவருடைய கால்குலேட்டரில் 2.617993878 வருகிறது, புத்தகத்தின் பின்பக்க விடையோ 5π/6. அடுத்து 1/3-க்கு நேர்மாறு கொசைன் போட்டால் 1.230959417 வருகிறது, இதை எப்படிப் புரட்டிப் பார்த்தும் π வடிவத்துக்குக் கொண்டுவர முடியவில்லை என்கிறார். தசமத்தை π மடங்காக மாற்றப் பொதுவான வழி ஏதும் உண்டா என்பது அவர் கேட்டது. அவர் கேட்காமல் விட்ட இன்னொன்றும் இதற்குள் இருக்கிறது. மாற்றிய பிறகு அது உண்மையிலேயே சரியான மதிப்புதானா, இல்லை பக்கத்தில் வந்து நிற்கும் வேறு எண்ணா என்பது எப்படித் தெரியும்? கல்லூரி மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கணிதம் எடுக்கிறேன். மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் தேவைப்படும்.

முறை இதுதான்: வந்த எண்ணை π-ஆல் வகுத்துப் பாருங்கள். 2.617993878 ÷ π = 0.833333333. இது 5/6 என்பது பார்த்ததுமே தெரிகிறது. ஆக எண் 5π/6. வகுக்கும்போது கால்குலேட்டரில் உள்ள π பட்டனையே அழுத்த வேண்டும். பள்ளிப் பழக்கத்தில் 22/7 போட்டால் 0.832998 வரும், 3.14 போட்டால் 0.833756 வரும். இரண்டிலும் 3, 3, 3 என்று ஓடும் வரிசை கெட்டுப்போகிறது. அந்த வரிசைதான் நமக்கு இருக்கும் ஒரே தடயம். விடையைக் காகிதத்தில் 2.618 என்று சுருக்கி எழுதிக்கொண்டு மறுபடி தட்டுவதும் இதே வேலையைத்தான் செய்யும். முந்தைய விடையை முழு இலக்கங்களோடு திரும்பத் தரும் ஆன்ஸ் (Ans) பட்டனை அழுத்தி அப்படியே வகுப்பது நல்லது. திரையில் பத்து இலக்கம் தெரிந்தாலும் இப்போது புழக்கத்தில் உள்ள சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் உள்ளே 15 இலக்கம் வரை வைத்திருக்கும்.

0.8333 எந்தப் பின்னம் என்று கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் எட்டாம் வகுப்புக் கணக்குதான். அதன் 100 மடங்கு 83.333…, 10 மடங்கு 8.333…, கழித்தால் 90 மடங்கு 75. ஆக 75/90, சுருக்கினால் 5/6. இதைவிடச் சுலபமானது, π-ஆல் வகுத்ததை 180-ஆல் பெருக்குவது: 150 வந்துவிடுகிறது. வேறொன்றுமில்லை, ரேடியனை டிகிரியாக்கியிருக்கிறோம். 150/180 = 5/6. பாடப்புத்தகக் கணக்குகளில் வரும் கோணங்களின் பகுதி எண் பெரும்பாலும் 2, 3, 4, 6, 12 இவற்றுள் ஒன்றாகவே இருப்பதால் 180-ஆல் பெருக்கியதும் முழு எண் வந்து நிற்கும். π/8 என்றால் 22.5 வரும், அதுவும் பரவாயில்லை. π/7 என்றால் 25.71428571 வரும், இங்கே இந்த வழி கைகொடுக்காது. வகுத்ததும் வந்த 0.142857143-ஐப் பார்த்தே 1/7 என்று சொல்லிவிடலாம், அவ்வளவுதான்.

எந்தப் பின்னத்துக்கும் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குத் தொடர் பின்னம் என்று பெயர். செய்வது எளிது: தலைகீழாக்கு, முழு எண் பகுதியைக் குறித்துக்கொண்டு கழி, மிச்சத்தை மறுபடி தலைகீழாக்கு. 0.916297857 என்று ஒரு விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். π-ஆல் வகுத்தால் 0.291666667. தலைகீழாக்கினால் 3.42857, 3-ஐக் குறித்துக்கொள்கிறோம். மிச்சம் 0.42857, தலைகீழி 2.33333, 2-ஐக் குறித்துக்கொள்கிறோம். மிச்சம் 0.33333, அதன் தலைகீழி ஏறக்குறைய 3. இங்கே மிச்சம் தீர்ந்துவிட்டது. இப்போது கடைசியிலிருந்து திரும்பி வர வேண்டும்: 2 + 1/3 = 7/3; அதன் தலைகீழி 3/7; 3 + 3/7 = 24/7; தலைகீழி 7/24. விடை 7π/24. மிச்சம் சரியாகப் பூச்சியம் ஆகாது, 0.000001 போலவோ 0.999999 போலவோ வந்தால் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பின்னமாகவும் தசமமாகவும் மாற்றிக் காட்டும் பட்டன் உங்கள் கால்குலேட்டரில் இருந்தால், π-ஆல் வகுத்துவிட்டு அதை அழுத்தினால் போதும். ஆனால் அந்தப் பட்டன் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பின்னம் கிடைத்ததும் ஒரு சரிபார்ப்பு: முதலில் வந்த விடையிலிருந்து 5 × π ÷ 6-ஐக் கழியுங்கள். பூச்சியமோ, பத்தின் மைனஸ் 13-ஆம் அடுக்கை ஒட்டிய மிகச்சிறிய எண்ணோ வர வேண்டும். திரையில் தெரியும் பத்து இலக்கத்தைக் கண்ணால் ஒப்பிடுவதைவிட இது பல மடங்கு கறாரான சோதனை. மறைந்திருக்கும் இலக்கங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுகிறது. திரையைப் பார்த்து 2.617993878 என்று நீங்களே தட்டிக் கழித்தால் 8.5 × 10⁻¹² போல ஏதோ வரும். அது வெறும் சுருக்கல் பிழை, பயப்பட வேண்டாம்.

இனி 1.230959417. π-ஆல் வகுத்தால் 0.39182655. 180-ஆல் பெருக்கினால் 70.5287794. மேலே சொன்ன தலைகீழாக்கும் வேலையைச் செய்தால் 2, 1, 1, 4, 3, 2 என்று போய்க்கொண்டே இருக்கிறது, மிச்சம் தீர்வதாக இல்லை. இதுவரைக்கும் சந்தேகம்தான், பகுதி எண் மிகப் பெரிதாக இருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். ஆனால் இந்த எண் விஷயத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியும்: இதை π-இன் எந்தப் பின்ன மடங்காகவும் எழுத முடியாது, பகுதியை எத்தனை கோடியாக வைத்தாலும் முடியாது. நிரூபணம் அழகானது, ப்ளஸ் டூ கணிதமே போதும். கொசைன் 1/3 ஆக உள்ள கோணத்தை எடுத்து அதை இரட்டித்துக்கொண்டே போங்கள். இரட்டைக் கோண வாய்பாட்டின்படி புதிய கொசைன் என்பது பழைய கொசைனின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தது. 1/3-இலிருந்து −7/9, அடுத்து 17/81, அடுத்து −5983/6561. ஒவ்வொரு முறையும் பகுதி எண் வர்க்கமாகிக்கொண்டே போகிறது. தொகுதி எண் ஒருபோதும் மூன்றால் வகுபடாததால் சுருங்கவும் வழியில்லை. ஆகவே ஒரு முறை வந்த மதிப்பு மறுபடி வரவே வராது. அந்தக் கோணம் π-இன் பின்ன மடங்காக இருந்திருந்தால்? 5π/6-ஐ இரட்டித்துப் பாருங்கள்: 5π/3, பிறகு 10π/3, பிறகு 20π/3. முழுச் சுற்றுகளைக் கழித்துவிட்டால் இவை ஒரு சில இடங்களிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. கொசைனும் அதே சில மதிப்புகளைத்தான் திரும்பத் திரும்பத் தர முடியும். முடிவில்லாமல் புதுப்புது மதிப்பு தரும் ஒரு கோணம் அப்படிப்பட்டதாக இருக்கவே முடியாது.

இதன் பொதுவான வடிவத்துக்கு நிவன் தேற்றம் என்று பெயர். π-இன் பின்ன மடங்காக உள்ள ஒரு கோணத்தின் சைனோ கொசைனோ விகிதமுறு எண்ணாக, அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்ணாக இருந்தால் அது 0, ±1/2, ±1 இவற்றில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். டேன்ஜென்ட் என்றால் 0, ±1 மட்டும். நடைமுறையில் இதன் பயன் பெரிது: நேர்மாறு சைனுக்குள்ளோ கொசைனுக்குள்ளோ 1/3, 3/5, 0.7 என்று எதையாவது போட்டுவிட்டு விடையில் π தேடவே வேண்டாம். 3-4-5 முக்கோணத்தின் கோணங்களும் இந்த வகைதான். செங்கோணம் போக மற்ற இரண்டும் π மடங்கு ஆகாது. உங்கள் 1/3 இன்னும் கொஞ்சம் பிரபலமானது. ஒழுங்கான நான்முகியின் (நான்கு முகங்களும் சமபக்க முக்கோணமாக உள்ள கன உருவம்) இரண்டு முகங்களுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன் அதுதான். 1900-இல் ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் முன்வைத்த 23 கணக்குகளில் மூன்றாவதை அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் தீர்த்தார். ஒழுங்கான நான்முகியை எத்தனை துண்டாக வெட்டி ஒட்டினாலும் அதே கன அளவுள்ள கனசதுரமாக ஆக்க முடியாது என்று காட்டியபோது அவர் பிடித்த பிடி இந்த 1.230959417 π-இன் பின்ன மடங்கு இல்லை என்பதே. நீங்கள் மாற்ற முடியாமல் திணறியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

π-ஆல் வகுத்ததும் பின்னம் வரவில்லையென்றால் உடனே கைவிடவும் வேண்டாம், வேறு சில வடிவங்கள் உண்டு. 1.813799364 ÷ π = 0.577350269. பின்னம் போலத் தெரியவில்லை. வர்க்கம் எடுத்தால் 0.333333333. ஆக π/√3. தொகையிடல் கணக்குகளில் இது அடிக்கடி வரும். 2.570796327 ÷ π = 0.818309886, இதில் 0.5-ஐக் கழித்தால் 0.318309886, அது 1/π. ஆக முதல் எண் 1 + π/2. இந்த 0.318309886-ஐ மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் உதவும். இன்னொன்று 1.644934067: π-ஆல் வகுத்தால் 0.523598776, இன்னொரு முறை வகுத்தால் 0.166666667. அதாவது π²/6. இது 1 + 1/4 + 1/9 + 1/16 என்று வர்க்கங்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் தொகை. ஆய்லர் முதலில் இதைத் தசமமாக 1.644934 என்று கணக்கிட்டு வைத்திருந்தார். பிறகுதான், 1734-இல், π²/6 என்று கண்டார். தசமம் முன்னால் வந்து, சரியான மதிப்பு பின்னால் வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் வர்க்கத்துக்குப் பதில் கனத்தை வைத்து 1 + 1/8 + 1/27 என்று கூட்டினால் 1.202056903 வருகிறது. π³-ஆல் வகுத்தால் 0.03876818, எந்த எளிய பின்னமும் இல்லை. இந்த எண் விகிதமுறா எண் என்று ரோஜர் அப்பேரி 1978-இல் நிரூபித்தார். அது π³-இன் பின்ன மடங்கா இல்லையா என்பது இன்றுவரை யாராலும் நிரூபிக்கப்படவில்லை.

இனி நம்பிக்கை விஷயம். 0-க்கும் 1-க்கும் இடையில், பகுதி எண் 100-ஐத் தாண்டாத பின்னங்கள் சுமார் 3,000 இருக்கின்றன. உங்களிடம் நான்கு தசம இலக்கம் மட்டுமே இருந்தால், ஒவ்வொரு பின்னமும் 0.0001 அகலத்துக்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மொத்தத்தில் பத்தில் மூன்று பங்கு. அதாவது எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் எண்ணும் பத்தில் மூன்று தடவை ஏதோ ஒரு பின்னத்தோடு ஒத்துப்போய்விடும். ஒன்பது இலக்கம் இருந்தால் அதே வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. 5/6 போன்ற சின்னப் பின்னம் ஒன்பது இலக்கத்துக்கும் பொருந்தினால் அது தற்செயல் இல்லை என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பகுதி எண் நான்கு, ஐந்து இலக்கமாக வளர வளர இந்தத் தைரியம் கரைந்துபோகும், ஏனென்றால் பின்னங்களின் எண்ணிக்கை பகுதி எண்ணின் வர்க்கத்தோடு பெருகுகிறது.

கால்குலேட்டரே இதில் ஏமாந்த கதை ஒன்று கணித வட்டாரத்தில் பிரபலம். 11-இன் ஆறாம் அடுக்கை 13-ஆல் வகுக்கச் சொன்னால், விடையை π மடங்காகக் காட்டத் தெரிந்த சில மாடல்கள் 156158413π/3600 என்று எழுதிவிடும். அந்த வகுத்தலில் π-க்கு ஒரு வேலையும் இல்லை! விடை 1771561/13, அதாவது 136273.923076923. அந்த π பின்னத்தைக் கணக்கிட்டாலும் இதே இலக்கங்கள்தான் வருகின்றன, ஆகவே கால்குலேட்டர் உள்ளே வைத்திருக்கும் துல்லியத்தில் இரண்டும் ஒன்றுதான். இது தவறு என்று நமக்குத் தெரிவது இலக்கங்களை இன்னும் நீட்டிப் பார்த்ததால் அல்ல. π விகிதமுறா எண் என்று லாம்பர்ட் 1760-களிலேயே நிரூபித்துவிட்டார். ஒரு பின்னம் π-இன் பின்ன மடங்காக இருக்க வழியே இல்லை. தொகுதியில் ஒன்பது இலக்கம், பகுதியில் நான்கு என்று இவ்வளவு பெரிய பின்னம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

சின்ன எண்களாலும் ஏமாறலாம். 97.409091 என்று ஆறு தசம இலக்கத்தோடு ஒரு விடை வருகிறது. இது π⁴-ஆ, 2143/22-ஆ? முதலாவது 97.40909103, இரண்டாவது 97.40909091, ஆறு இலக்கத்தோடு நிறுத்தினால் இரண்டும் ஒன்று. இந்த நெருக்கத்தை 1914-இல் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தியவர் நம் ராமானுஜன்தான். 2143/22-இன் நான்காம் மூலம் எடுத்தால் π-க்கு எட்டு தசம இலக்கம் வரை சரியான மதிப்பு கிடைத்துவிடுகிறது.

பத்து இலக்கமும் ஒத்துப்போய், பின்னமும் சின்னதாக இருந்தும் தவறாகிப்போன இடமும் உண்டு. ஒரு கோணத்தின் சைனை அந்தக் கோணத்தாலேயே வகுத்து வரும் சார்பை 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் π/2. அதோடு கோணத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு இதே சார்பை எடுத்துப் பெருக்கித் தொகையிட்டாலும் π/2. ஐந்தில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்று 13 வரை சேர்த்துக்கொண்டே போனாலும் அதே π/2 மாறாமல் வருகிறது. 15-ஐச் சேர்த்ததும் விடை π/2-ஐவிடச் சுமார் 2.3 × 10⁻¹¹ குறைந்துவிடுகிறது. பத்து இலக்கத் திரையில் அப்போதும் 1.570796327 என்றுதான் தெரியும். டேவிட் போர்வீனும் ஜோனதன் போர்வீனும் 2001-இல் இதை விளக்கினார்கள். காரணம் எளிது: 1/3 + 1/5 + … + 1/13 ஒன்றைவிடக் குறைவு, 1/15-ஐச் சேர்த்ததும் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. திரையில் எத்தனை இலக்கம் ஒத்துப்போகிறது என்பதற்கும் இந்தக் காரணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அதனால்தான் வகுப்பில் நான் வற்புறுத்துவது: π-ஆல் வகுத்துக் கிடைப்பது ஊகம், அந்த ஊகத்துக்கான காரணம் கணக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் முதல் எண்ணுக்கு அந்தக் காரணம் தயாராக இருக்கிறது: 30 டிகிரியின் கொசைன் √3/2, குறி மைனஸ், ஆகவே இரண்டாம் கால்பகுதியில் 180 − 30 = 150. விடைத்தாளில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டு “= 5π/6” என்று போடுங்கள்; 2.617993878-ஐ எழுதத் தேவையே இல்லை. இரண்டாவது எண்ணுக்குச் சரியான மதிப்பு என்பது “1/3-இன் நேர்மாறு கொசைன்” என்ற அந்தத் தொடரேதான். கேட்டால் பக்கத்தில் “≈ 1.231” என்று எழுதலாம், சமக்குறி போடக் கூடாது. தனித்தனியாக π மடங்கு இல்லாதவை கூட்டினால் π தருவதும் உண்டு: 1, 2, 3 இம்மூன்றின் நேர்மாறு டேன்ஜென்ட்களைக் கூட்டினால் சரியாக π வரும், அதில் கடைசி இரண்டும் π மடங்கே இல்லை. ஒன்பது தசமத்துக்குச் சுருக்கிக் கூட்டினால் 3.141592653 என்று கடைசி இலக்கம் ஒன்று குறையும், அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிகிரியில் இருந்தால் 150 என்று வரும், அதை π-ஆல் வகுத்து 47.746482928 வந்ததே என்று குழம்புபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நேர்மாறு கொசைன் பட்டன் 0 முதல் π வரை உள்ள ஒரே கோணத்தை மட்டும்தான் தரும். கணக்கு சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால், 0 முதல் 2π வரை 7π/6 என்று இன்னொரு விடையும் இருக்கிறது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.